பொட்காஸ்ட் வெறும் படலை, காசு வளவுக்குள்ளே

கொக்குவிலில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. மூத்தவ நாலாம் ஆண்டு படிக்கிறா, சின்னவனுக்கு மூன்று வயது. முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தவ, இரண்டாவது பிள்ளை கிடைத்ததோடு வேலையை விட்டிட்டா. “குரல் நல்லாயிருக்கு எண்டு எல்லாரும் சொல்லுகினம் அக்கா. வீட்டில இருந்தபடி பொட்காஸ்ட் செய்து மாதம் 30,000 ரூபா எடுக்கலாமோ? 60,000 ரூபாவுக்கு ஒரு ஒன்லைன் கோர்ஸ் இருக்கு, அதில சேரட்டோ?” இதுதான் கேள்வி.

பின்னுக்குக் கேட்டதற்கு முதலில் பதில்: சேராதேங்கோ. அவர்கள் சொல்லித் தருவதாக நீங்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். கணக்குத் திறப்பது, அட்டைப்படம் செய்வது, பதிவேற்றுவது, பிறகு ‘அல்கோரிதம் இரகசியம்’. முதல் மூன்றையும் ஒரு பின்னேரம் போனைத் தட்டித் தட்டியே பழகிவிடலாம். நாலாவதைத் தெரிந்த ஆள் கோர்ஸ் விற்று மினக்கெடமாட்டார். நானும் ஒருக்கால் இப்படியொன்றுக்கு 18,000 ரூபா கட்டினவள்தான். கிடைத்தது சில ஆங்கிலக் காணொளிகளின் இணைப்பும் ஒரு வட்ஸ்அப் குழுவும். குழுவில் இருந்த அத்தனை பேரும் ஒருவருக்கொருவர் ‘சப்ஸ்கிரைப்’ செய்துவிட்டோம். ஒருவரும் மற்றவருடையதைக் கேட்கவில்லை.

முதல் கேள்விக்கு வருவோம். 30,000 எடுக்கலாம். ஆனால் அது பொட்காஸ்டில் இருந்து வராது. அதைக் கேட்டு உங்களைத் தேடி வருகிற ஆட்களிடம் இருந்துதான் வரும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பிடிபடாமல்தான் கனபேர் ஏழாம் எட்டாம் அத்தியாயத்தோடு மைக்கை அலுமாரிக்குள் வைக்கினம்.

பொட்காஸ்ட் என்பது அடிப்படையில் ஓர் ஒலிக்கோப்பும், ஆர்எஸ்எஸ் என்கிற ஒரு பட்டியலும். நீங்கள் கோப்பை ஓரிடத்தில் ஏற்றி வைக்கிறீர்கள். ‘புதிசு வந்திருக்கு’ என்று அந்தப் பட்டியல் சொல்ல, கேட்கிற செயலிகள் வந்து எடுத்துக்கொண்டு போகின்றன. 2004 இல் கார்டியன் பத்திரிகையில் பென் ஹாமர்ஸ்லி எழுதிய கட்டுரையில்தான் ‘பொட்காஸ்டிங்’ என்ற சொல் முதலில் வந்தது. ஐபொட், புரோட்காஸ்ட் இரண்டையும் ஒட்டிச் செய்த சொல். அடுத்த வருடம் அப்பிள் நிறுவனம் தன் ஐரியூன்ஸுக்குள் சேர்த்துக்கொள்ள உலகமெல்லாம் பரவியது. கவனியுங்கோ, இந்த அமைப்பில் காசு வாங்குகிற பெட்டி என்று ஒன்று தொடக்கத்திலேயே கிடையாது. ஆரும் இலவசமாய் எடுத்துக் கேட்கலாம். வருமானம் என்பதெல்லாம் பிறகு பக்கத்தில் கொண்டுவந்து ஒட்டியது.

ஒட்டியதில் முதலாவது விளம்பரம். அமெரிக்கச் சந்தையில் ஆயிரம் பதிவிறக்கத்துக்கு 15 முதல் 25 டொலர் என்பது பொதுவாகப் பேசப்படுகிற விலை. உங்களுக்கு 300 பேர் ஒழுங்காய்க் கேட்கினம் என்று வைப்போம். தமிழில், அதுவும் ஒரு வீட்டுப் பொட்காஸ்டுக்கு, அது நல்ல எண்ணிக்கை. மாதம் நாலு அத்தியாயம் என்றால் 1,200 பதிவிறக்கம், அதாவது 18 இலிருந்து 30 டொலர். டொலர் 300 ரூபா என்று பிடித்தால் 5,400 இலிருந்து 9,000 ரூபா. அதுவும் அந்த விலைக்கு விளம்பரம் தர ஆரும் இருந்தால்தான். அவ்வளவு சின்ன நிகழ்ச்சியை அமெரிக்க விளம்பரக்காரர் திரும்பியும் பார்க்கமாட்டினம், தமிழ் நிகழ்ச்சி என்றால் சொல்லவே வேண்டாம்.

இரண்டாவது யூரியூப். ஒலியோடு ஒரு படத்தை வைத்து ஏற்றலாம், ஆர்எஸ்எஸ் வழியாகவும் சேர்க்கலாம். எங்கட சனம் பெரும்பாலும் அங்கேதான் கேட்கிறது, ஆனபடியால் அங்கே இருக்கத்தான் வேணும். விளம்பரக் காசு கிடைக்க 1,000 சந்தாதாரர் வேணும். அதோடு 12 மாதத்துக்குள் 4,000 மணித்தியாலப் பார்வை வேணும். 12 நிமிடக் கதையை ஒருவர் முழுக்கக் கேட்டால் ஒரு மணித்தியாலத்தின் ஐந்திலொரு பங்கு. 4,000 மணித்தியாலம் சேர அப்படி 20,000 தடவை கேட்கப்பட வேணும். நடக்காது என்று சொல்லவில்லை, எனக்கு இரண்டே முக்கால் வருடம் எடுத்தது.

இதில் இன்னொரு குழி இருக்கிறது, உங்களுக்கு அது முக்கியம். சிறுபிள்ளைகளுக்கான நிகழ்ச்சி என்றால் யூரியூப்பில் ‘பிள்ளைகளுக்கானது’ என்று குறித்தாக வேணும். அமெரிக்கச் சட்டம் காரணமாக 2020 ஜனவரியில் வந்த விதி அது. குறித்தவுடன் கருத்துப் பகுதி மூடப்பட்டுவிடும். பார்வையாளரைப் பின்தொடர்ந்து வருகிற விளம்பரங்கள் நின்றுவிடும், உறுப்பினர் கட்டணமும் வாங்கமுடியாது. அதாவது உங்களுக்கு ஆகக் கைவந்த வேலைக்குத்தான் அங்கே ஆகக் குறைந்த காசு. கோர்ஸ்காரர் இதைச் சொல்லியிருக்கமாட்டார்.

என்னுடைய கதையைச் சொல்கிறேன். எங்கள் வீடு திருநெல்வேலியில், சந்தையில் இருந்து கொஞ்சம் உள்ளுக்கு. 2021 கடைசியில் தொடங்கினேன். வெளிநாட்டில் பிறந்த எங்கட பிள்ளைகளுக்கு, எங்கட பேச்சில், 10 முதல் 12 நிமிடக் கதைகள். முதல் 14 மாதம் ஒரு சதமும் இல்லை. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. மாமிதான் ஒருநாள், “பிள்ளை, அந்த அறைக்குள்ள போய் ஆரோடை கதைக்கிறாய்?” என்று கேட்டா. எனக்கே பதில் தெரியாத கேள்வி அது.

பிறகு ஒருநாள் கனடாவின் ஸ்காபரோவில் இருந்து ஒரு தாய் எழுதினா. அவவின் மகனுக்கு ஏழு வயது, என் கதைகளை காரில் போகும்போது கேட்கிறவனாம். ‘அணில்’ என்று நான் சொல்வதுபோலச் சொல்லிப் பார்க்கிறானாம். “கிழமையில் ஒருநாள் அவனோடு நேரில் தமிழில் கதைக்க ஏலுமோ, காசு தருகிறேன்” என்று கேட்டா. ஒரு பிள்ளை இரண்டாகி, இரண்டு ஆறாகி, இப்போது இரண்டு குழுக்கள். ஒரு பிள்ளைக்கு மாதம் 40 கனேடிய டொலர், சனியும் ஞாயிறும் 45 நிமிடம். ஆறு பிள்ளைகள் சேர்ந்த முதல் மாதமே அது ஐம்பதாயிரம் ரூபாவைத் தொட்டது. அதே மாதம் யூரியூப் தந்தது 0 டொலர், ஸ்பொட்டிபை தந்தது 0 டொலர்.

பொட்காஸ்ட் ஒரு படலை. ஒழுங்கையால் போகிறவர்களுக்கு அது திறந்து கிடக்கும், எட்டிப் பார்ப்பதற்கு ஒருவரும் காசு தரமாட்டினம். உள்ளுக்கு வந்து விறாந்தையில் இருந்து கதைத்து, ‘உங்களிட்டை வேறை என்ன இருக்கு’ என்று கேட்கிறவர்தான் தருவார். ஆகவே மைக் வாங்க முதல், வளவுக்குள் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கோ. உங்களிடம் முன்பள்ளி அனுபவம் இருக்கிறது. அது சின்ன விசயமில்லை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகள் இருந்தாலும், ஆறு பிள்ளைகளுக்கு மேல் சேர்க்காமல், ஊரில் இருந்து ஊர்ப் பேச்சில் கதைக்கிற ரீச்சருக்கு ஆள் தேடுகிற தாய்தகப்பன் நிறைய. பாடப்புத்தகம் ‘என்ன செய்கிறாய்’ என்று படிப்பிக்கும். அம்மம்மாவோ போனில் ‘என்னணை செய்யிறாய்’ என்று கேட்பா, பிள்ளை முழிக்கும். அந்த இடைவெளியில்தான் உங்கள் வேலை இருக்கிறது.

எல்லாரிடமும் இருப்பது படிப்பித்தல் என்றில்லை. எனக்குத் தெரிந்த ஒருவ தையல்காரி. சட்டைத் துணி எப்படி வெட்டுவது என்பதைக் குரலால் மட்டும் சொல்ல ஏலாது என்று எல்லாரும் சிரித்தோம். அவ சொன்னது வெட்டுவதைப் பற்றியில்லை. கலியாண வீடுகளுக்குத் தைத்த கதைகள், எந்தத் துணி நம் வெக்கைக்குத் தாங்காது, சாமத்தியச் சடங்குக்கு அளவெடுக்கப் போன இடத்துப் பகிடிகள். இப்போது லண்டனில் இருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் ஊருக்கு வெளிக்கிட முதலே அளவுகளை வட்ஸ்அப்பில் அனுப்பி வைக்கினம். இன்னொருத்தி சமையல் சொன்னா, தூள் விற்றா, சரிவரவில்லை. பொதி அனுப்புகிற செலவு இலாபத்தை விழுங்கிவிட்டது. சாமான் அனுப்ப வேண்டியிருக்கிற வியாபாரத்தைவிட, குரலோ கையறிவோ போகிற வியாபாரம் எங்களுக்குப் பரவாயில்லை என்பது என் எண்ணம்.

குரலை நேரே விற்கிறதும் உண்டு. விழிப்புணர்வு ஒலித்துண்டு, நிறுவனக் காணொளிக்குப் பின்னணிக் குரல், ஒலிப்புத்தகம். என் அத்தியாயங்களைக் கேட்டுவிட்டு அழைத்தவர்கள்தான் எல்லாரும், அதாவது பொட்காஸ்ட் எனக்கு ஒரு மாதிரிப் பதிவாகவும் உதவியது. மூன்று நிமிடத் துண்டுக்கு 7,500 ரூபா கேட்பேன். ஓரிடத்தில் அந்தக் காசு கைக்கு வர நாலு மாதம் எடுத்தது, அதற்குப் பிறகு பாதியை முற்பணமாக வாங்குகிறேன். ஒன்று சொல்லவேணும்: இப்போது ‘பத்து மணித்தியாலம் வாசித்துத் தாருங்கோ, நல்ல காசு’ என்று சிலர் வருகினம். உங்கள் குரலை வைத்துச் செயற்கைக் குரல் செய்கிற வேலையாய் இருக்கலாம். ஒப்பந்தத்தில் அது இருக்கிறதா என்று வாசித்துப் பார்த்து, வேணுமோ வேண்டாமோ என்று நீங்களே முடிவெடுங்கோ. குரல் ஒருக்கால் போனால் திருப்பி வாங்க ஏலாது.

விளம்பரமும் சின்ன அளவில் வரும். உள்ளூர்க் கடையொன்று புதுவருடத்துக்கு முதல் மூன்று அத்தியாயத்துக்குக் காசு தந்தது. கனடாவில் ஒரு சோதிடர் நல்ல தொகை பேசினார், பிள்ளைகளின் நிகழ்ச்சிக்குள் தோசம் கழிக்கிற விளம்பரம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அவர் இன்னும் இடைக்கிடை ‘வணக்கம்’ அனுப்புகிறார்.

இனி எதைப் பேசுவது. ‘வாழ்க்கையில் வெல்வது எப்படி’ வகையறாவை விட்டுவிடுங்கோ, அதைச் சொல்ல இந்தியாவில் ஆயிரம் பேர் இருக்கினம், எங்களைவிட வடிவாகவும் சொல்லுகினம். பிரபலங்களைப் பேட்டி எடுக்கிறதும் சின்னப் பிள்ளையோடு வீட்டில் இருக்கிறவருக்குச் சரிவராது. அவர் சொன்ன நேரத்துக்கு உங்கள் மகன் நித்திரை கொள்ளமாட்டான். உங்களால் தனியே, உங்கள் நேரத்துக்கு, பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய ஒன்றாய் இருக்கவேணும். கேட்கிற ஆளை முகத்தோடு நினைக்க ஏலுமாயும் இருக்கவேணும். ‘தமிழ் மக்கள்’ என்று நினைத்துப் பேசாமல், மிசிசாகாவில் காரின் பின் ஆசனத்தில் இருக்கிற ஏழு வயதுப் பெடியனை நினைத்துப் பேசிப் பாருங்கோ, குரலே மாறும்.

எங்கட சனத்துக்குக் குரலோடு உறவு பழசு. கொழும்பு வானொலி 1925 டிசம்பர் 16 இல் தொடங்கியது. பிறகு இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை கடல் தாண்டித் தமிழ்நாட்டு வீடுகள் வரை போனது. அறிவிப்பாளர் அப்துல் ஹமீதின் குரலைக் கேட்ட மாத்திரத்தில் நிமிர்ந்து இருக்கிற தலைமுறை இன்றைக்கு ரொறன்ரோவில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பிள்ளைக்குக் கதை போட்டு விடுகிறது பெரும்பாலும் அந்த அம்மம்மாதான். அவவுக்கு உச்சரிப்பு முக்கியம், ‘ழ’ சறுக்கினால் மகளிடம் சொல்லி எனக்குத் தகவல் அனுப்புவிப்பா. ஒருமுறை ‘பழம்’ சரியில்லை என்று வந்தது. திருப்பிக் கேட்டேன், சரியாகத்தான் இல்லை.

கதைக்கு எங்கே போவது என்று யோசிக்க வேண்டாம். ஆனால் கண்டதையும் வாசிக்கவும் கூடாது. இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவர் உயிரோடு இருக்கும்வரையும் இறந்து 70 வருடம் வரையும் உரிமை அவரிடமோ வாரிசுகளிடமோ இருக்கும். 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் ஈழத்து நூல்களும் இதழ்களும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அங்கே வாசிக்க இலவசம் என்பதால் பொட்காஸ்டில் ஒலிக்கவிடலாம் என்று அர்த்தமில்லை. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் காலமானது 1953 இல், ஆகவே 70 வருடம் 2023 இல் முடிந்துவிட்டது. அவருடைய ஆடிப்பிறப்புப் பாட்டைத் தயங்காமல் பாடலாம். ஆறுமுக நாவலர் 1879 இலேயே போய்விட்டார், அவரிடம் உத்தரவு கேட்க வேண்டியதில்லை. இன்றைய எழுத்தாளர் என்றால் ஒரு கடிதம் போடுங்கோ. நான் கேட்ட நாலு பேரில் மூன்று பேர் சந்தோசமாய் விட்டார்கள். சினிமாப் பாட்டைத் தொடக்க இசையாய்ப் போடாதேங்கோ, யூரியூப் அதைத் தானாகவே பிடித்துவிடும், வந்த காசும் பாட்டுக்காரருக்குப் போகும்.

நாட்காட்டியைப் பார்த்து முன்கூட்டியே பதிந்து வைத்தால் பாதி வேலை முடிந்தது. தைப்பொங்கல், சித்திரைப் புதுவருடம், ஜூலை நடுவில் ஆடிப்பிறப்பு, நல்லூரின் 25 நாள், நவராத்திரி. அந்தந்த நேரத்தில்தான் வெளிநாட்டுத் தாய்மார் ‘இது என்ன என்று பிள்ளைக்கு எப்படிச் சொல்லுவது’ என்று தேடுவினம். என் ஆடிக்கூழ் அத்தியாயம் ஒவ்வொரு ஜூலையிலும் தானாக எழும்பி நடக்கும்.

பதிவு செய்கிற விசயத்தில் யாழ்ப்பாணத்து வீட்டுக்கென்று சில பிரச்சினைகள் உண்டு. கோயில் ஒலிபெருக்கி, காகம், பக்கத்து வளவு நாய், கிணற்றுத் தண்ணீர் மோட்டர், பாண்காரரின் ஓட்டோ. பாண்காரர் போடுகிற பீத்தோவன் மெட்டு என் முதல் பத்து அத்தியாயத்தில் நாலில் இருக்கிறது. பீத்தோவன் இறந்து 200 வருடம் ஆகப்போவதால் உரிமைப் பிரச்சினை வரவில்லை. வைகாசி தொடக்கம் தென்மேற்குக் காற்று பனையோலையை உரசுகிற சத்தம் மைக்கில் மழைபோலக் கேட்கும். கார்த்திகையில் தகரக் கூரைக்குக் கீழே பதிகிற கதையே வேண்டாம்.

நான் கண்ட நல்ல நேரம் இரண்டு. மத்தியானம் ஒன்றரையில் இருந்து இரண்டரை வரை ஊர் உறங்கும். இரவு பத்துக்குப் பிறகும் நல்லது, ஆனால் குரல் களைத்திருக்கும், பிள்ளைகளுக்குச் சொல்கிற கதை தாலாட்டாகப் போய்விடும். இடம், உடுப்பு அலுமாரிக்கு முன்னால். கதவைத் திறந்து வைத்து, சீலைகள் தொங்குகிற பக்கம் முகத்தை வைத்துப் பேசுங்கோ. சீமெந்துச் சுவரில் பட்டுத் திரும்புகிற எதிரொலியைச் சீலை உறிஞ்சிவிடும். பின்பக்கம் கயிற்றில் ஒரு தடித்த போர்வை. மின்விசிறியை நிற்பாட்ட வேணும், ஆகவே ஒரே மூச்சில் பத்து நிமிடத்துக்கு மேல் நம் வெக்கையில் ஏலாது. என் கதைகள் ஏன் 12 நிமிடத்தைத் தாண்டுவதில்லை என்று ஒருவர் கேட்டார், கலை நுட்பம் என்று நினைத்திருப்பார்.

மைக் பெரிதாக வேண்டாம். சட்டையில் குத்துகிற வயர் மைக் நாலாயிரத்துச் சொச்ச ரூபாவுக்கு வாங்கினேன், இரண்டு வருடம் அதோடுதான் ஓடியது. போனிலேயே பதியலாம். பதிய முதல் போனை விமானப் பயன்முறையில் போடுங்கோ, நடுவில் மாமாவின் அழைப்பு வந்து நான் ஒரு முழுக்கதையை இழந்திருக்கிறேன். வெட்டி ஒட்ட ஓடாசிற்றி என்கிற மென்பொருள் இலவசம், மடிக்கணினி இல்லாவிட்டால் போன் செயலிகளும் போதும். ஏற்றுவதற்கு ஸ்பொட்டிபையின் இலவச சேவை இருக்கிறது. ஒற்றைத் தடத்தில், நொடிக்கு 64 கிலோபிற் எம்பி3 ஆக எடுத்தால் 12 நிமிடக் கோப்பு 6 எம்பிக்குள் அடங்கும். இது ஏன் முக்கியம் என்றால், ஊரில் பலர் செயலிக்குப் போகமாட்டினம். வட்ஸ்அப்பில் கோப்பாக அனுப்பினால்தான் கேட்பினம், டேற்றா முடிந்துவிடும் என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. இதற்கெல்லாம் கடன் எடுக்காதேங்கோ. நுண்கடன் எங்கள் பக்கத்துப் பெண்களை என்ன பாடு படுத்தியது என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

நேரக் கணக்கை ஒளிக்காமல் சொல்கிறேன். 12 நிமிட அத்தியாயத்துக்குத் தொடக்கத்தில் ஆறு மணித்தியாலம் போனது: கதை எழுதுவது, பதிவது, பிழையான இடத்தை வெட்டுவது, பெயரும் படமும் வைப்பது. இப்போது இரண்டரை. கிழமைக்கு ஒன்று என்றால் அது மாதம் பத்து மணித்தியாலம், ஒருவரும் காசு தராத பத்து மணித்தியாலம். வீட்டிருக்கிற பெண் ‘சும்மா இருக்கிறா’ என்று நினைக்கிற வீட்டில் இந்தப் பத்து மணித்தியாலம் எங்கேயிருந்து வரும் என்று வீட்டுக்காரரோடு முதலே கதைத்துக்கொள்ளுங்கோ. நான் கதைக்கவில்லை, நித்திரையில் இருந்து எடுத்தேன். மூன்றாம் மாதம் காய்ச்சலில் விழுந்தேன். பிறகுதான் ஞாயிறு மத்தியானம் பிள்ளைகள் அவர் பொறுப்பு என்று வீட்டில் ஒழுங்கு வந்தது. மாமியும் பின்னர் என்னோடு சேர்ந்துகொண்டா, அவ சொன்ன நரிக்கதைக்குத்தான் இதுவரை ஆகக்கூடிய கேட்பு. அவவிடம் கேட்டு, அவவே கேட்டுப் பார்த்து சரி என்ற பிறகுதான் போட்டேன். சொந்த வீட்டு ஆள் என்றாலும் அந்த வழக்கத்தை விடவில்லை. என் பிள்ளைகளின் பெயர், பள்ளிக்கூடம், எங்கள் ஒழுங்கை எதுவும் எந்த அத்தியாயத்திலும் வராது.

வெளிநாட்டுக் குழுவுக்கு நேரம் பார்ப்பது ஒரு தனிக் கணக்கு. கோடையில் ரொறன்ரோ எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னுக்கு, அங்கே சனிக்கிழமை காலை 9.30 என்றால் இங்கே இரவு 7.00. நவம்பரில் அவர்கள் மணிக்கூட்டை மாற்றினால் அதே வகுப்பு எங்களுக்கு 8.00 மணி. உங்கள் சின்னவன் உறங்கப்போகிற நேரம் அது, ஆகவே இலண்டனையும் சுவிஸையும் யோசியுங்கோ. கோடையில் இலண்டனின் காலை 10.00 இங்கே பின்னேரம் 2.30, சுவிஸின் காலை 10.00 இங்கே 1.30. பிள்ளை மத்தியான நித்திரை கொள்கிற வீடு என்றால் அது பொருந்தும்.

காசு கைக்கு வருகிற வழி சின்ன விசயம்போலத் தெரியும், அதிலும் சறுக்கலாம். யூரியூப் காசு, கூகிளின் அட்சென்ஸ் என்கிற விளம்பரக் கணக்கு வழியாக வரும். 10 டொலர் சேர்ந்ததும் உங்கள் வீட்டு முகவரிக்குத் தபாலில் ஓர் இரகசிய இலக்கம் அனுப்புவார்கள், அதை நாலு மாதத்துக்குள் பதியவேணும். எங்கட ஒழுங்கை முகவரிகளுக்குக் கடிதம் தவறுவது சகசம். கிராமசேவகர் பிரிவு, அருகில் உள்ள கோயில் என்று தெளிவாக எழுதி, தபால்காரரிடமும் ஒரு சொல் சொல்லி வைத்தால் நல்லது. 100 டொலர் சேர்ந்த பிறகுதான் வங்கிக்கு வரும். வகுப்புக் காசுக்கு நேரடி வங்கிப் பரிமாற்றமோ பயோனியர் போன்ற, வெளிநாட்டுக் காசு வாங்கித் தருகிற இணையச் சேவையோ போதும். தெரிந்தவர் மூலம், வங்கி இல்லாமல் கைமாற்றுகிற உண்டியல் மூலம் என்று போகாதேங்கோ, பிறகு வருமானத்துக்கு ஆதாரம் காட்ட ஏலாது. எல்லாம் உங்கள் பெயரில் உள்ள கணக்குக்கே வரட்டும். வரி இலக்கம் எடுத்து வையுங்கோ. 2025 ஏப்ரலில் இருந்து வருடம் 18 இலட்சம் ரூபா வரையான வருமானத்துக்கு வருமான வரி இல்லை, நீங்கள் கேட்கிற 30,000 அதற்குக் கீழேதான். ஆனாலும் ஒரு கொப்பியில் வரவு எழுதுங்கோ. கனடாவில் இருந்து வந்த காசைப் பற்றி மூன்று வருடம் கழித்து வங்கி கேட்டபோது அந்தக் கொப்பிதான் என்னைக் காப்பாற்றியது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். முதலில் ஒன்றையும் வெளியிடாமல் எட்டுக் கதை பதிவேன். எட்டையும் பதிய முடியாவிட்டால் இந்த வேலை சரிவராது என்று காசு செலவழிக்காமலே தெரிந்துவிடும். பதிந்துவிட்டால் கிழமைக்கு ஒன்றாக விடுவேன், ஒவ்வொன்றின் முடிவிலும் பிள்ளையிடம் பேசுவதை நிறுத்தி, தாய்க்கு ஒரு வசனம் சொல்வேன்: “சனிக்கிழமைகளில் ஆறு பிள்ளைகளோடு கதைக்கிற ஒரு சின்ன வகுப்பு நடத்துகிறேன், விபரத்துக்கு இந்த இலக்கத்துக்கு எழுதுங்கோ.” அதற்கென்று வேறொரு சிம் வைத்திருப்பது நல்லது. கருத்துப் பகுதி மூடியிருக்கிற இடத்தில் அந்த ஒரு வசனம்தான் உங்கள் படலைக்கொளுக்கி. சுவிஸில், லண்டனில் இருக்கிற சொந்தக்காரரின் வட்ஸ்அப் குழுக்களில் கோப்பாகவே போடுவேன், இணைப்பாகப் போட்டால் திறக்கமாட்டினம். முப்பது அத்தியாயம் போயும், அதாவது ஏழெட்டு மாதத்திலும், ஒரு தாயும் எழுதவில்லை என்றால் நிகழ்ச்சியை மாற்றுவேன். நூறு வரை இழுக்கமாட்டேன்.

அந்த 60,000 ரூபா உங்களிடம் உண்மையிலேயே இருக்குமென்றால் ஐயாயிரத்தை எடுத்து ஒரு மைக் வாங்குங்கோ, மிச்சத்தை அங்கேயே விடுங்கோ. முதல் கதையை உங்கள் மூத்தவவுக்குச் சொல்லிக்கொண்டே பதியுங்கோ. எங்கே அவ திரும்பிப் படலைப் பக்கம் பார்க்கிறா என்று கவனித்து, அந்த இடத்தில் கதையைச் சுருக்குங்கோ. பதிந்ததை அனுப்பினால் கேட்டுச் சொல்கிறேன், பாண்காரர் நடுவில் வந்திருந்தாலும் வெட்ட வேண்டாம்.